வரிக் கூட்டத்தில் நான் பேசிய வீராயியின் பேச்சு

போன வாரம் உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், ஈப்போ மார்க்கெட்டில் மீன்கடைக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நாளைக்கு வரிக் கூட்டம். நான்தான் மொழிபெயர்க்கணும். ஆள் குறைப்பு இருக்காம், வரியும் ஏத்துவாங்களாம். எல்லாரும் கத்துவாங்க லா. என்னா செய்றது?"

என் கையில் மீன் பொட்டலம், தலைக்கு மேலே வெயில். "கூட்டத்துக்கு முந்தி ஒண்ணுக்கு இருந்துட்டுப் போ. நடுவுல எந்திரிக்க விடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. கிழவன் கேலி செய்கிறான் என்று நினைத்திருப்பார். இல்லை, அது நல்ல யோசனைதான், இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் கேட்டதற்கு அது பாதிப் பதில்தான். மீதியை உட்கார்ந்து எழுதலாம் என்று தோன்றியது. நீங்கள் எல்லாருமே இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள். எல்லாருக்குமாக இருக்கட்டும்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, கணக்கெழுதிய கிராணியின் மகன். ஈப்போவில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தேன். படித்து முடித்ததும் ஈப்போவுக்குத் தெற்கே ஒரு சின்ன ஈய ஊரில், ஊர் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட வாரியத்தில், தமிழ் மொழிபெயர்ப்பாளனாக வேலை கிடைத்தது. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். இந்தக் கதையில் வருகிறவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே கடை வைத்திருக்கிறார்கள், எனக்கும் அந்தப் பக்கம் போனால் டீ குடிக்க வேண்டியிருக்கிறது.

நம் தொழிலின் முதல் விதி உங்களுக்குத் தெரியும். பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். 'அவர் என்ன சொல்கிறார் என்றால்' என்று இழுக்கக்கூடாது. விதி சுலபம், வாய்க்குப் பழகுவதுதான் கஷ்டம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கள்ளுக்கடை வாசலிலிருந்து பிடித்துவந்த ஒருவன் கோர்ட்டுக் கச்சேரியில் நின்று, "நேத்து நான் குடிச்சிட்டு ரோட்டுல படுத்துக் கெடந்தேன்" என்றான். இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டோடு நின்று நான் இங்கிலீஷில், "நேற்று நான் குடித்துவிட்டுத் தெருவில் படுத்துக்கிடந்தேன்" என்றேன். அன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருந்த மாஜிஸ்திரேட் துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் நின்ற லியோங் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

லியோங் சீன மொழிபெயர்ப்பாளர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அடுத்த மேசை. நாங்கள் இருவரும் மலாயில் பேசிக்கொள்வோம். கடைத்தெருத் தமிழும் அவருக்குக் கொஞ்சம் வரும், அதில் பாதி திட்டு. அந்த ஊரில் எல்லாருக்குமே மலாய் தெரியும், துரைமார்களுக்கும் தெரியும். பிறகு எதற்கு எங்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்று கேட்பீர்கள். வாங்கவும் விற்கவும் மலாய் போதும். கோபப்படவும் கெஞ்சவும் அவரவருக்கு அவரவர் மொழிதான் வேண்டும். நம் பிழைப்பு நடப்பது அதனால்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் ஈய விலையும் விழுந்தது, கித்தா விலையும் விழுந்தது. ஊரைச் சுற்றி ஈயம் தோண்டிய லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. தோட்டங்களில் பால்வெட்டை நிறுத்தி ஆட்களைக் கப்பலேற்றினார்கள். கடைத்தெரு அஞ்சடியில் பாதிக் கடைகள் பலகை சாத்திக் கிடந்தன. மேலிடத்திலிருந்து வாரியத்துக்கு வரும் பணத்தை வெட்டிவிட்டார்கள். வாரியத்தின் சேர்மன் துரைக்கு இரண்டே வழி. ஒன்று, வீட்டு வரியையும் கடை வரியையும் ஏற்றுவது. இல்லாவிட்டால், தெருக் கூட்டிச் சாக்கடைக் கான் வாரும் கூட்டத்தில் பாதிப் பேரை நிறுத்தி நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றுவது. துரை இளவயதுக்காரர், முன்கோபி, ஆனால் நியாயம் பார்ப்பவர். வரி கட்டுகிறவர்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசி முடிவு செய்வோம் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் போட்டார்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் எங்கள் அலுவலகத்துப் பின்படியில் வீராயி வந்து நின்றாள். தெருக் கூட்டும் பெண்களில் முன்னால் நிற்பவள் அவள்தான். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, தோட்டத்திலிருந்து டவுன் வேலைக்கு வந்தவள்.

"கிராணியாரே, கூட்டம் எங்களப் பத்தித்தானே? நாங்க வரலாமா?"

வரி கட்டுகிறவர்களின் கூட்டம் என்றேன். ஆனால் மண்டபத்துக்கு வெளியே நிற்பதை யாரும் தடுக்க முடியாது என்றும் சொன்னேன். அவள் போகவில்லை.

"மண்டோரு எங்களக் கூப்புட்டு, போறது யாரு, இருக்கிறது யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணி எங்கிட்டச் சொல்லிருங்கன்னுட்டாரு. நாலு நாளா லயத்துல அடுப்பு மூட்டல கிராணியாரே. ஒருத்தி மூஞ்ச ஒருத்தி பாக்க மாட்டேங்கிறா. நேத்து வரைக்கும் ஒரே சட்டில திங்கிற சனம்."

அவர்களை வேலை வாங்கும் மண்டோர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பாதிப் பேரை நிறுத்தச் சொன்னால் யாரை நிறுத்துவது என்று அவருக்கும் தெரியவில்லை, தன் தலையிலிருந்த பாரத்தை இறக்கி அந்தப் பெண்கள் தலையில் வைத்துவிட்டார். வேலை போவது ஒரு கஷ்டம். பக்கத்து அறைக்காரியின் வேலையைத் தன் வாயாலேயே போக்கச் சொல்வது இன்னொரு கஷ்டம். அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை என்னவென்றால் நன்றாகச் சாப்பிட்டேன். முருகையா அண்ணன் கடை மீன் குழம்பு அப்படி.

முருகையா அண்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடைத்தெரு முனையில் சாப்பாட்டுக்கடை அவருடையது. வாடகைக்கு விட்ட கடைவரிசை ஒன்றும் இருந்தது. நான் ஒண்டிக்கட்டையாக அந்த ஊரில் வந்து இறங்கிய நாளிலிருந்து மூன்று வேளையும் அவர் கடையில்தான். எனக்கு அம்மை போட்டபோது பக்கத்தில் யாரும் வராத நிலையில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர் அவர். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. வரி கட்டும் தமிழர்களின் சார்பில் கூட்டத்தில் பேச வந்தவரும் அவர்தான்.

சனிக்கிழமை நல்ல மழை. மண்டபம் பலகைக் கட்டடம், தகரக் கூரை. புழுக்கத்துக்காகச் சன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கச் சன்னல்களுக்கு வெளியே, தாழ்வாரத்துத் தகரத்துக்கு அடியில், கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வீராயியும் மற்றப் பெண்களும் ஆண்களும் நின்றார்கள். மண்டோரைக் காணவில்லை.

கூட்டம் ஆரம்பித்த சற்று நேரத்துக்கெல்லாம் நீங்கள் பயப்படுகிற கத்தல் வந்துவிட்டது. லம்பத்து முதலாளி, தவுக்கே ஒருவர், கிழவர், எழுந்து கான்டனீஸில் வெடித்தார். லியோங் அதே வேகத்தில் இங்கிலீஷில் சொன்னார்: "என் லம்பம் மூடிக்கிடக்கிறது. என் வீடுகளில் குடியில்லை. காலி வீட்டுக்கு வரி கேட்பவன் என் தோலை உரித்து அதற்கும் வரி கேட்பான்." துரையின் காது சிவந்தது. லியோங் நிறுத்தவில்லை, மெழுகவும் இல்லை. தோல் என்றால் தோல்.

பிறகு முருகையா அண்ணன் எழுந்தார். "பாதிப் பேரு இருந்தா போதும் துரை. காலையில கூட்டுனா அதுக்கப்புறம் அவளுகளுக்கு என்னா வேலை? மிச்சத்தக் கப்பலேத்துங்க. கடைக்காரன் தலையில கைய வைக்காதீங்க." அதை 'நான்' என்று போட்டுச் சொன்னவன் நான்தான். கப்பலேற்றச் சொல்லி என் வாயால் சொன்னேன். சன்னலுக்கு வெளியே நின்றவர்கள் அண்ணன் பேசிய தமிழை நேராகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் வந்த என் இங்கிலீஷைக் கேட்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் கேட்டார்கள்.

மாட்டுவண்டிகள் வைத்திருந்த ஒரு ஹாஜியார் மலாயில் மெதுவாகப் பேசினார். வரியைக் கொஞ்சம் ஏற்றினால் தாங்கலாம், தெரு நாறினால் காலரா வரும் என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆடின. காற்று கொஞ்சம் திரும்புவது எனக்குத் தெரிந்தது. கூட்டத்தின் நடுவில் நிற்பவனுக்கு இது தெரியும், உங்களுக்கும் தெரியவரும். நாமெல்லாம் காதாலேயே பிழைப்பவர்கள்.

அப்போது துரை சன்னல் பக்கம் கையைக் காட்டி, "அவர்களில் யாராவது பேச விரும்புகிறார்களா? உள்ளே வரச் சொல்" என்றார்.

நான் சன்னலருகே போய்த் தமிழில் கேட்டேன். வீராயி தலையிலிருந்த சாக்கை எடுத்தாள். அவள் படியில் கால் வைப்பதற்குள் உள்ளே நாற்காலிகள் இழுபட்டன. தமிழ்க் கடைக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தெருக் கூட்டுகிறவர்கள் எந்தச் சாதி என்று நான் சொல்லவேண்டியதில்லை. கடல் தாண்டி வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு அதையும் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் வந்தார்கள்.

"தம்பி, துரைகிட்ட சொல்லிப்புடு" என்றார் முருகையா அண்ணன். "அவ உள்ள வந்தா நாங்க வெளிய போறோம்."

சொன்னேன். "அவள் உள்ளே வந்தால் நாங்கள் வெளியே போகிறோம்." துரை மேசையைத் தட்டினார். இது அரசாங்க மண்டபம், யார் வரலாம் என்று முடிவு செய்வது நான்தான், போகிறவர்கள் போகட்டும் என்று கத்தினார். அதையும் தமிழில் சொல்லவேண்டியவன் நான். சொன்னால் அவர்கள் போய்விடுவார்கள். அவர்கள் போனால் வரிக்குச் சம்மதம் சொல்ல ஆள் இல்லை. சம்மதம் இல்லாவிட்டால் பாதிப் பேர் கப்பலில். துரைக்குக் கோபத்தில் அது தெரியவில்லை. படியில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நின்ற வீராயிக்குத் தெரிந்திருந்தது, காலைப் பின்னால் எடுத்துவிட்டாள்.

அந்த நேரத்தில் என்ன தோன்றியதோ, "சார், மொழிபெயர்ப்பாளன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்" என்றேன். இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். நம் சொந்தப் பேச்சு பேசவேண்டி வந்தால் 'மொழிபெயர்ப்பாளன்' என்று சொல்லித்தான் பேசவேண்டும். அப்போதுதான் அது யாருடைய 'நான்' என்ற குழப்பம் வராது. "மழை இரைச்சலில் இங்கிருந்து அந்தப் பெண் பேசுவது எனக்குக் கேட்காது. நான் வெளியே போய் அவர் பக்கத்தில் நின்று, சன்னல் வழியாகச் சொல்ல அனுமதி வேண்டும்."

துரை என்னை உற்றுப் பார்த்தார். மழை அப்படியொன்றும் இரையவில்லை. அவருக்கும் அது தெரியும். "போ" என்றார். அவர் முதலில் கத்தியதைத் தமிழில் சொல்லவேண்டிய தேவை அத்தோடு போய்விட்டது.

நீ செய்தது கோழைத்தனம், அவளை உள்ளே அழைத்து வந்திருக்கவேண்டும் என்று பின்னாளில் என் மகனே என்னிடம் சண்டை போட்டிருக்கிறான். இருக்கலாம். அவனோடு நான் வாதாடவில்லை. அவள் உள்ளே வருவது பெரிய காரியம், அவள் பேச்சு உள்ளே வருவது அன்றைக்கு அவசரமான காரியம். இரண்டில் ஒன்றுதான் என் கையில் இருந்தது.

தாழ்வாரத்தில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். தகரத்திலிருந்து வழிந்த தண்ணீர் என் கோட்டின் ஒரு தோளை நனைத்தது. உள்ளே எல்லார் முகமும் சன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"நான் வீராயிங்க. தெருக் கூட்டுறவ" என்று ஆரம்பித்தாள்.

"நான் வீராயி. தெருக் கூட்டுகிறவள்" என்றேன் இங்கிலீஷில். உள்ளே லியோங் கான்டனீஸில், "நான் வீராயி. தெருக் கூட்டுகிறவள்" என்றார். யாரோ சிரித்தார்கள். லியோங் சிரித்தவரைத் திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

"யாரு போறது யாரு இருக்கிறதுன்னு எங்களயே பேரு சொல்லச் சொல்றாங்க. நான் ஒருத்தி பேரயும் எவ்வாயால சொல்லமாட்டேன். யாரயும் அனுப்பாதீங்க துரை. எல்லாத்துக்கும் அரைச் சம்பளம் குடுங்க. தோட்டத்துல பால்வெட்டு கொறஞ்சப்ப, இருக்கிற வேலைய எல்லாரும் பங்கு போட்டுத்தான் செஞ்சோம். இங்கயும் அப்புடிச் செஞ்சிக்கிறோம்."

தம்பிகளே, என் நாக்கு அங்கே நின்றுவிட்டது. ஏன் என்று புரிகிறதா? உள்ளே காற்று வரி ஏற்றும் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஹாஜியார் பேசியதற்குத் தலைகள் ஆடியிருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் இழுத்தால் முழு வரியுமே ஏறலாம், இவர்களுக்கு ஒரு காசும் குறையாமல் போகலாம். இந்த நேரத்தில் 'அரைச் சம்பளம் போதும்' என்பதை நான் உள்ளே அனுப்பினால் தவுக்கே அதைக் கொத்திக்கொண்டு போய்விடுவார். பாதிச் செலவில் முழுத் தெருவும் சுத்தம். எந்த வியாபாரி விடுவான்? அந்த ஒரு பேச்சை நான் விழுங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. கடைக்காரர்கள் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். விழுங்குவது அவளுக்கு நல்லது என்றே எனக்குப் பட்டது.

ஆனால் எனக்குப் பட்டது தப்பாக இருந்தால்? காற்று மறுபடி திரும்பினால்? அப்போது அவள் கொடுத்த ஒரே ஆயுதத்தையும் நான் கிணற்றில் போட்டவனாவேன். அவளுக்குப் பதிலாகக் கணக்குப் போட எனக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. நான்கு நாள் அடுப்பு மூட்டாமல் யோசித்தது அவர்கள். நான் மீன் குழம்பு சாப்பிட்டவன்.

"மொழிபெயர்ப்பாளன் அவரிடம் ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும்" என்று துரையிடம் கேட்டேன். தலையசைத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் கேட்டேன்: "இதுதான் நீங்க சொல்ல வந்ததா? உள்ள போயிட்டா திரும்ப எடுக்க முடியாது."

தெருக் கூட்டுகிறவளை நான் 'நீங்க' என்றது உள்ளே சில பேருக்குச் சுருக்கென்றது, முகத்தில் தெரிந்தது.

"போகட்டும் கிராணியாரே" என்றாள் வீராயி. "ஒருத்திய விட்டுட்டு நான் தின்னா எனக்குச் செரிக்காது."

எல்லாவற்றையும் சொன்னேன். செரிக்காது என்பதையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல லியோங்கும் ஒன்று விடாமல் சொன்னார்.

நான் பயந்தபடியே நடந்தது. தவுக்கே தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். லியோங் மொழிபெயர்த்தார்: "நல்ல வியாபாரம். நான் ஒத்துக்கொள்கிறேன். வரி வேண்டாம், அரைச் சம்பளம் போதும், எழுதிக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போகலாம்." கடைக்காரர்கள் பக்கமும் 'சரி சரி' என்ற சத்தம். துரை பேனாவை எடுத்தார். வீராயி என் முகத்தைப் பார்த்து என்ன நடக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். "அதத்தானே கேட்டோம்" என்றாள்.

ஹாஜியார் மறுபடி எழுந்தார். இந்த முறை அவர் துரையைப் பார்க்கவில்லை, தவுக்கேயைப் பார்த்து மலாயில் பேசினார். அது எல்லாருக்கும் புரிகிற மொழி, எங்கள் இருவருக்கும் வேலையில்லை.

"அந்தப் பெண் தன் அரிசியில் பாதியைக் கொடுக்கிறாள். நாம் என்ன கொடுக்கிறோம்? அவள் கொடுத்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறோமா? நாளைக்கு அவள் கூட்டின தெருவில் நடந்துதான் நான் தொழப் போகவேண்டும். எனக்கு வெட்கமாக இருக்கும். துரை கேட்கிற வரியில் பாதியை நான் கட்டுகிறேன். பாதி அவர்கள், பாதி நாம்."

தவுக்கே உட்காரவில்லை. நின்றபடியே பேரம் பேச ஆரம்பித்தார். பாதி முடியாது, அதில் கொஞ்சம் குறை என்றார். நிலா இருக்கிற நாளில் தெருவிளக்கு எதற்கு, அந்த எண்ணெயை மிச்சம் பிடி என்றார். அவர் பேரத்தில் இறங்கியதும் என் உயிர் திரும்பி வந்தது. பேரம் பேசுகிறவன் வாங்கத் தயாராகிவிட்டான் என்று அர்த்தம். நானும் லியோங்கும் தொண்டை வறள வறள மாற்றி மாற்றிச் சொன்னோம். கடைசியில் முடிவானது இது: வரி கொஞ்சம் ஏறும், நிலாக் காலத்தில் விளக்கு எரியாது, தெருக் கூட்டுகிறவர்கள் காலம் தெளியும் வரைக்கும் வாரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுப்பார்கள். யாரையும் அனுப்புவதில்லை.

துரை கை தூக்கச் சொன்னார். ஹாஜியார், தவுக்கே, ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். தமிழ்க் கடைக்காரர்கள் முருகையா அண்ணனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"தூக்குறேன். கான் நாறினா எங்கடைக்கு எவன் சாப்புட வருவான்?" கையைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். உடனே என்னைப் பார்த்து, "ஆனா இதையும் துரைகிட்டச் சொல்லு. வரியக் கட்டுறேன், அவளுக மண்டபத்துக்குள்ள வரக்கூடாது."

வீராயியின் பக்கத்தில், அவள் தோள் என் தோளுக்கு ஒரு சாண் தள்ளி இருக்க, நான் அதையும் சொன்னேன். "நான் வரி கட்டுகிறேன். ஆனால் அவர்கள் உள்ளே வரக்கூடாது." நான் என்றுதான் சொன்னேன். நாற்பது வருட வேலையில் என் வாயிலிருந்து வந்த எத்தனையோ 'நான்'களில் அதுதான் எனக்குக் கசந்தது. துரை பேனாவை மூடிக் கூட்டத்தை முடித்தார்.

மறுநாள் காலை வழக்கம்போல முருகையா அண்ணன் கடைக்குப் போனேன். நான் உட்காரும் மேசையை அவரே துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் துடைத்தார்.

"தம்பி, நீ நேத்து அவ பக்கத்துல போயி நின்ன. அவளா நின்னு பேசுன. ஊரே பாத்துச்சி. உன்ன உள்ள ஒக்கார வச்சா மத்தவன் வரமாட்டேங்கிறான்." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "கொஞ்ச நாளைக்கு. பின்னால போ, டீ குடுக்கச் சொல்றேன்."

கடைக்குப் பின்புறம் கானோரமாக ஒரு பலகைச் சன்னல் உண்டு. தெருக் கூட்டுகிறவர்களுக்கு அங்கேதான் டீ, தேங்காய்ச் சிரட்டையில், மேலே தூக்கிப் பிடித்து ஊற்றுவார்கள். அங்கே போனபோது காலை வேலை முடிந்து எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் குறையவில்லை. என்னைக் கண்டதும் ஒதுங்கி இடம் விட்டார்கள். எனக்கும் ஒரு சிரட்டை வந்தது.

கொஞ்ச நேரத்தில் கானைத் தாண்டிக் குதித்துக்கொண்டு லியோங் வந்தார். முன்பக்கம் என் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

"முருகையா, எனக்கும் சிரட்டை" என்று மலாயில் சத்தம் போட்டார்.

"நீங்க உள்ள ஒக்காரலாமே, உங்களுக்கு யாரு வேணாம்னா?" என்றது உள்ளேயிருந்து அண்ணன் குரல்.

"நேற்று நானும் தெருக் கூட்டினவள்தான். கான்டனீஸில்."

சிரட்டை வந்தது. கையில் வாங்கியவர் சூடு தாங்காமல் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கீழே வைக்கலாம் என்று லியோங் இடம் தேடினார்.

"கீழ வச்சா கவுந்துரும் தவுக்கே" என்றாள் வீராயி லியோங்கிடம். "அடியில பிடிக்காதீங்க. விளிம்புல பிடிங்க. குடிச்சி முடிக்கிற வரைக்கும் கையிலதான் வச்சிருக்கணும்." பிடித்துக் காட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் அதே மாதிரி பிடித்துக்கொண்டோம்.

லியோங்குக்கு நான் பட்ட கடனைத் தீர்க்க வழியில்லை. அவர் மறைந்துவிட்டார். முன்பக்க நாற்காலி சில மாதத்தில் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அண்ணனும் பழையபடி மீன் குழம்பை இரண்டு கரண்டி சேர்த்தே ஊற்றினார். அவர் கொடுத்த கஞ்சியையும் நான் மறக்கவில்லை, பின்பக்கம் அனுப்பியதையும் மறக்கவில்லை. ஒரு மனிதரிடமிருந்து இரண்டும் வரும்.

அன்றைக்குக் கானோரம் டீயைக் குடித்து முடிக்கும் நேரத்தில் வீராயி என் பக்கம் வந்தாள். "கிராணியாரே, நேத்து நான் சொன்னதத்தான் துரைகிட்டச் சொன்னீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு சொல்கூடப் புரியாமல், தன் கூட்டத்தின் பிழைப்பு முழுவதையும் என் வாயில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றிருக்கிறாள். அவளிடம் நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

"சொன்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "எனக்கு எந்த எடத்துல கொரலு நடுங்குச்சோ, அதே எடத்துல உங்களுக்கும் நடுங்குச்சி."

அன்றைக்கு அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்தவர் பேச்சையே பேசிப் பழகியவனுக்குச் சொந்தப் பேச்சு சட்டென்று வருவதில்லை. இப்போது உங்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறேன். வீராயி, நன்றி. இதைச் சொல்வது நான்தான்.